மசக்கைக்குள் மறையும் தைராய்டு

நாள் தள்ளிப்போன பெண்ணுக்குச் சோர்வு, மலச்சிக்கல், எந்நேரமும் தூக்கம். கடலூர் முதுநகரானாலும் சிதம்பரமானாலும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: “மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும்.” தைராய்டு சுரப்புக் குறைவின் அறிகுறிகளும் இவையே. ஆளைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பார்த்தால்தான் தெரியும்.

அதை எப்போது பார்க்கிறோம் என்பதே முக்கியம். கருவின் தைராய்டு சுரப்பி 12ஆவது வார வாக்கில்தான் வேலையைத் தொடங்குகிறது. ஏறத்தாழ 20 வாரம் வரை குழந்தையின் மூளை வளர்ச்சி பெரிதும் தாயின் ஹார்மோனை நம்பியிருக்கிறது. ‘மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்’ என்று காத்திருக்கும் வீடுகளில் நழுவிப்போவது இந்த வாரங்கள்தாம்.

1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சுரப்புக் குறைவு இருந்தும் சிகிச்சை பெறாத தாய்மாரின் குழந்தைகளுக்கு 7 முதல் 9 வயதில் நுண்ணறிவு எண் சராசரியாக 7 புள்ளிகள் குறைந்திருந்தது. லேசான குறைபாட்டுக்கு மாத்திரை கொடுத்ததால் குழந்தைகளின் அறிவுத்திறன் கூடவில்லை என்று 2012, 2017 ஆய்வுகள் கூறியதும் உண்மை. ஆனால், அவற்றில் சிகிச்சை தொடங்கியதே சராசரியாக 13, 17 வார வாக்கில்தான். தாமதத்தின் விளைவை அந்த முடிவுகளிலிருந்து ஒதுக்கிவிட முடியாது.

மத்திய அரசின் 2014 வழிகாட்டுதல், ஆபத்துக் காரணி உள்ளவர்களுக்கு மட்டும் பரிசோதனை போதும் என்றது. குடும்பத்தில் யாருக்குத் தைராய்டு என்று கேட்டால் உடனே பதில் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? கேள்வி கேட்டு வடிகட்டுவதைவிட எல்லோருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்வது எளிது.

கடலோரத்தில் மீன் சாப்பிடுகிறவர்களுக்குத் தைராய்டு சுரப்புக்குத் தேவையான அயோடின் குறையாது என்ற நம்பிக்கையும் இங்கே உண்டு. உப்பு விளைவிப்பதில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாடு, போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகளில் நாட்டிலேயே கடைசி: 2018-19 தேசிய ஆய்வில் 61.9 சதவீதம், நாட்டின் சராசரி 76.3. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. கல்லுப்பு வாங்கினாலும் அயோடின் சேர்த்ததா என்று பார்த்து வாங்க வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதால் வரும் தைராய்டுக் குறைவை உப்பு தீர்க்காது, அதற்கு மாத்திரைதான்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர், பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து நிறுத்தக் கூடாது. கர்ப்பத்தில் தேவை 25 முதல் 50 சதவீதம் வரை கூடும் என்பதால், உறுதியானவுடனே மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். பிறகு நடுக்கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. காபி அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை சரியாக உடலில் சேராது.

கடலூர் மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சிதம்பரத்திலேயே இருக்கிறது. இப்போது வேண்டியது அதற்கு முந்தைய படி: கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் அன்றே டி.எஸ்.எச். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் முடிவு அவர் கைக்கு வர வேண்டும். புதுக் கட்டடம் எதுவும் கேட்காத இந்த ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் இந்த ஆண்டே தொடங்கலாம்.