அது மருந்து இல்ல, விஷம்!

1/ விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மல்லாட்டையும் நெல்லும் கரும்பும் போடுற மக்களே, களைக்கொல்லியை நாம "புல் மருந்து"ன்னு சொல்றோம். ஒரு டாக்டரா இந்த வார்த்தையோடதான் என் சண்டை. மருந்துன்னா நோயைத் தீர்க்கணும். பாராகுவாட் எதைத் தீர்க்குது?

2/ கோரையையே எடுத்துக்குங்க. மேலே தெரியறது இலை. உயிர் இருக்கிறது மண்ணுக்குள்ள, ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கிடக்குற கிழங்குல. பாராகுவாட் தன் மேல பட்ட பச்சையை மட்டும்தான் கருக்கும். மண்ணைத் தொட்டதும் களிமண்ணுல ஒட்டிக்கிட்டு செயலிழந்துடும். கிழங்கு அப்படியே இருக்கும், திரும்ப முளைக்கும். நாமளும் திரும்பக் கடைக்கு ஓடுவோம்.

3/ மத்த களைகளோட விதைகளும் மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா தூங்கும். வெளிச்சம் பட்டா பல விதைகள் முளைச்சிடும். வெறும் மண்ணுங்கறது களைக்கு நாம விரிச்ச பாய். மண்ணைக் கவனிக்காம இலையைக் கருக்கறது, காரணத்தைத் தேடாம காய்ச்சல் மாத்திரை போடற மாதிரி.

4/ இதே பாராகுவாட் உடம்புக்குள்ள போனா? முதல் நாள் நல்லா பேசிட்டு இருப்பாங்க. அப்புறம் வாய், தொண்டையெல்லாம் புண். சிறுநீரகம் பழுதாகும். நுரையீரல் இந்த விஷத்தை இழுத்துச் சேர்த்து வச்சுக்கும், தழும்பேறி இறுகும். மூச்சுத்திணறலுக்கு நாங்க வழக்கமா தர்ற ஆக்சிஜன்கூட இதுல பாதிப்பைக் கூட்டும். முறிவு மருந்து இன்னிவரைக்கும் கிடையாது.

5/ ஐரோப்பிய ஒன்றியத்துல 2007லேர்ந்து இதுக்கு அனுமதி இல்லை. கேரளா 2011ல தடை பண்ணுச்சு. இலங்கை 2008 முதல் 2011க்குள்ள படிப்படியா நிறுத்துச்சு. அங்க விஷம் குடிச்சு சாகறது குறைஞ்சது. விளைச்சல் ஒண்ணும் படுத்துடல.

6/ "களை எடுக்க ஆள் கிடைக்கல டாக்டர், கூலி கட்டுப்படியாகல"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கோடை உழவு போட்டு கோரைக்கிழங்கை வெயில்ல காயவிடுங்க. மழைக்கு முளைக்கிற களையை விதைப்புக்கு முன்னாடியே மேலாக உழுது அழிச்சிடுங்க. மல்லாட்டைக்கு 20, 40ஆம் நாள் களைவெட்டு, அதோட மண் அணைப்பு. நெல்லுக்கு கோனோ வீடர். கரும்புச் சோகையைக் கொளுத்தாம பார்ல பரப்புங்க. மல்லாட்டைக்கு டி.எம்.வி. ரகங்களைக் கொடுத்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்துலயே இருக்கு. போய்க் கேளுங்க.

7/ இதுலயும் செலவு இருக்கு. அதை விவசாயி தலையில மட்டும் கட்டக்கூடாது. களையெடுக்கும் கருவிகளை அரசு ஊருக்கு ஊர் குறைஞ்ச வாடகைக்குத் தரணும். பாராகுவாட்டை மத்திய அரசு நாடு முழுக்கத் தடை பண்ணணும். கோரைக்கிழங்கையே கொல்லாத ஒண்ணுக்காக நாம ஏன் உயிரைப் பணயம் வைக்கணும்?

8/ அதுவரைக்கும்: இதை வீட்டுக்குள்ள வைக்காதீங்க, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தாதீங்க. யாராவது குடிச்சிட்டா, "நல்லாத்தானே இருக்காரு"ன்னு காத்திருக்க வேண்டாம். பாட்டிலோட உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க, 108ஐக் கூப்பிடுங்க. மனசு ரொம்ப பாரமா இருந்தா 104க்குப் பேசுங்க. எந்த நேரமா இருந்தாலும் பேசலாம்.