சோப்பும் ஜாமீனும்

மாதம் ஒருமுறை பெண்கள் கிளைச்சிறைக்கு நாப்கினும் சோப்பும் கொண்டுபோகிறோம். 'புண்ணியம்' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வேண்டாம். நாப்கின் தருவது அரசின் கடமை.

ஆண்கள் சிறை வாசலில் மனைவியும் தாயும் மனுப் போட்டு வெயிலில் காத்து நிற்கிறார்கள். பெண்களைப் பார்க்க யார் வருகிறார்கள்? ஜாமீன் கிடைத்தும், பிணைக் கையெழுத்துப் போட இருவர் இல்லாமல் ஒருத்தி நான்கு மாதமாக உள்ளேயே கிடக்கிறாள். குடும்பத்தின் நிலம் அண்ணன் பெயரில். 'மானம் போச்சு' என்று கைவிட்டவரும் அவரே. சொத்தில் பங்கு தராத வீடு, சிறைக்குள்ளும் அவளைப் பூட்டிவைக்கிறது.

ஏழைகளைச் சொந்தப் பிணையிலேயே விடலாம் என்று ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1979இல். அதைக் கேட்டு மனு எழுதுவோம். தோழிகளே, உங்கள் பெயரில் வீடிருந்தால், அடுத்த மாதம் சோப்போடு வரி ரசீதையும் எடுத்து வாருங்கள்.