லேத் ஓட்டியவருக்கு எதற்கு அரிச்சுவடி?

பம்பாயில் 1946-ல் டாக்டர் அம்பேத்கர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி, வகுப்புகளைக் காலையிலேயே வைத்தது. மாதச் சம்பளக்காரர்கள் படித்துவிட்டு நேரே ஆபீஸுக்குப் போக முடிந்தது. 2023-24 முதல் ஏ.ஐ.சி.டி.இ.யும் அந்த வழிக்கு வந்திருக்கிறது. வேலையில் இருப்போருக்கு மாலையிலோ வேறு தோதான நேரத்திலோ டிப்ளமா, பி.இ. வகுப்பு நடத்தக் கல்லூரிகள் அனுமதி பெறலாம். வரவேற்க வேண்டியதே. ஆனால் நேரத்தை மாற்றினால் மட்டும் போதுமா?

தானேயில் பத்து வருஷம் லேத் ஓட்டிய ஒருவர் இதில் சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூல் பிசகாமல் கடைந்து பழகிய கை அது. அவரையும் நிறுத்தி, இரும்புத் துண்டை அரத்தால் ராவச் சொல்வதில் என்ன பயன்? வேகத்தைக் கூட்டினால் டூல் சீக்கிரம் மழுங்கும் என்பது அவருக்குத் தெரியும். அதன் கணக்குதான் தெரியாது. அதைத் தம் பட்டறை மிஷினிலேயே சோதித்து எழுதி வரட்டும். ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்து மார்க் போடட்டும். முதலாளியும் ஒரு மணி நேரம் மிஷினை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். பலன் அவருக்கும்தானே!

குமாஸ்தாவுக்கும் இதே நியாயம்தான். தினமும் கணக்கு எழுதுகிறவரை, மாலைக் கல்லூரியில் கற்பனைக் கம்பெனியின் பேரேட்டை எழுதச் சொல்வது வீண் வேலை.

பாடத்தை இரவு ஒன்பது வரை நடத்திவிட்டு, ஒர்க்‌ஷாப்பை மட்டும் ஐந்து மணிக்கே பூட்டும் கல்லூரிக்கு அனுமதியே தரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் அது திறந்திருக்க வேண்டும். லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வருகிறவருக்கு அந்த ஒரு நாள்தான் மிஞ்சுகிறது.