சத்தத்தைக் குதிரைசக்தி என்று விற்கிறார்கள்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு உதிரிபாகக் கடைகளில் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்கள் தொங்குவதைப் பார்க்கலாம். “மாட்டிப் பாருங்க சார், பவரும் ஏறும், மைலேஜும் ஏறும்.” கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் வியாபாரி. கோபமெல்லாம் வாங்குகிற நம் ஆட்கள் மேல்தான். ஆபீசில் ஒரு வரி கோட் மாற்றினாலும் டெஸ்ட் ரிசல்ட் கேட்கிறவர்கள், சொந்தக் காருக்கு மட்டும் காதை நம்பி முடிவெடுக்கிறார்கள்.

முதலில் மைலேஜ். பெட்ரோல் எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகவேண்டும் என்பதைப் பெரும்பாலும் த்ராட்டில் என்கிற சின்னக் கதவுதான் தீர்மானிக்கிறது. லேசாக மிதித்தால் அது லேசாகத்தான் திறக்கும். வீட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு காம்பவுண்டு கேட்டை அகலப்படுத்தி என்ன பிரயோஜனம்? பனகல் பார்க் நெரிசலில் எப்போ முழுசா மிதிக்கப் போறீங்க? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009இல் இதைச் சோதித்தது. நவீன ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தபோதுகூட மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. அடைத்த ஃபில்டரே குறைக்காத மைலேஜை, விலை கூடிய ஃபில்டர் எங்கிருந்து கூட்டும்?

அடுத்தது பவர். கம்பெனி கொடுக்கும் காற்றுப்பெட்டி பல கார்களில் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. அதைக் கழற்றி எறிந்து பானெட்டுக்குள் கூம்பை மாட்டினால், எஞ்சின் தன் சூட்டையே குடிக்கும். 30 டிகிரி காற்று 60 டிகிரி ஆனால் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். காசு கொடுத்து ஆக்சிஜனைக் குறைத்துக்கொள்கிறோம். அந்தப் பெட்டிக்குச் சத்தத்தை அடக்குகிற வேலையும் உண்டு. அது போனதும் எஞ்சின் உறுமும். அந்த உறுமலைத்தான் பவர் என்று நம்புகிறோம்.

சூட்டைத் தவிர்க்க, குழாயை பம்பருக்குக் கீழே இறக்கும் கிட்டும் இருக்கிறது. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் காரின் மூக்கைத் தரையருகே வைப்பதா? காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

ஃபில்டரின் முதல் வேலை தூசியை நிறுத்துவது. மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட லஸ் பக்கம் தினமும் போகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. உள்ளே போகும் தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். ஆகவே கடையில் குதிரைசக்தியைக் கேட்காதீர்கள். ஐஎஸ்ஓ 5011 சோதனையில் அது எத்தனை சதவீதம் தூசியைப் பிடித்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கிளம்பிடுங்க.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர், டர்போ எஞ்சினை முறையாக ட்யூன் செய்தவர், இவர்களுக்கு நல்ல இன்டேக் உதவும். அவர்கள் அளந்து பார்த்து வாங்குகிறார்கள்.

சத்தம் பிடிச்சிருந்தா, சத்தத்துக்காகன்னு சொல்லியே வாங்குங்க. அதில் நேர்மையாவது இருக்கும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு மாடவீதியில் தூக்கம் கலைந்து எழுகிற பாட்டியும் அதற்கு விலை கொடுக்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை. மற்றவர்களுக்குச் சில நூறு ரூபாய்க் காகித ஃபில்டர் போதும். கையேடு சொல்லும் கிலோமீட்டருக்கு, நம் ஊர்த் தூசியில் அதற்கும் முன்பே, மாற்றிவிடுங்கள்.