முகத்து எண்ணெய் நமக்குப் பகையா?

முகத்தில் சற்று எண்ணெய் மின்னினால் போதும், சோப்பைத் தேடி ஓடுகிறோம். நாளுக்கு நான்கு முறை தேய்த்துக் கழுவும் தோழியரும் நம்மிடையே உண்டு. விளம்பரங்கள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. ஆய்வுக்கூடம் கூறுவதோ வேறு.

ஒட்டுநாடாவால் மேல்தோலைப் படலம் படலமாக உரித்தெடுத்து, அதிலுள்ள கொழுப்பைக் குளோரோபார்ம், மெத்தனால் கலவையில் கரைக்கிறார்கள். சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் அதை ஒரு பொட்டாக வைத்து, தகட்டை வேறொரு கரைப்பானில் நிறுத்துகிறார்கள். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் கரைப்பான் மேலேறும். ஸ்குவாலீன் முந்தி ஓடும். டிரைகிளிசரைடு நடுவே நிற்கும். கொலஸ்டிரால் அதற்கும் கீழே. செரமைடோ அடியிலேயே தங்கிவிடும். கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் அனைத்தும் கரும்புள்ளிகளாகும். அளவு தெரிந்த புள்ளிகளோடு கருமையை ஒப்பிட்டு அளவைக் கணக்கிடுவர். இத்தகட்டு முறைக்கு 1938-ல் கார்கிவ் நகரில் வித்திட்டவர்கள் இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும். ஷ்ரைபர் ஒரு பெண்மணி என்பதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி!

தகடு காட்டுவது இருவேறு கொழுப்புகளை அன்றோ? ஸ்குவாலீன் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வருவது. செரமைடு மேல்தோலின் செல்களுக்கிடையே சாந்துபோல் நின்று, உடலின் நீர் வெளியேறாமல் காப்பது. கரப்பான் கண்ட தோலில் செரமைடு குறைந்திருப்பதையும் இத்தகைய அளவைகளே காட்டின. சோப்புக்கு இந்த வேறுபாடு தெரியாது, இரண்டையும் அரித்துவிடும். "எண்ணெய்ப் பசையை அடியோடு நீக்கும்" என்று பெருமை பேசும் நிறுவனங்கள், எந்தக் கொழுப்பை, எவ்வளவு நீக்குகின்றன என்பதையும் உறையில் அச்சிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அளக்கும் வழிதான் இருக்கிறதே!