இந்த வயசுல கிளிப்பா?



எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் தோழி போன மாதம் இரண்டு நாள் லீவு முடிந்து வந்தார். 'குட் மார்னிங்' சொல்லும்போதுகூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் விஷயம் தெரிந்தது. பல்லுக்கு கிளிப் போட்டிருக்கிறார். அவருக்கு வயது 43. மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

"பொண்ணுக்கு எட்டாவது படிக்கிறப்ப போட்டோம் மேடம். மாசா மாசம் அவளைக் கூட்டிட்டுப் போய் வெளியில பெஞ்சில உட்கார்ந்திருப்பேன். எதிர்ல பெரிய கண்ணாடி. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்துச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமியார் கேட்டுட்டாங்க, இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறேன்னு" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு இரண்டு நாள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மாமியார் மேல் கோபம் இல்லை. அவர் இப்போது பல்செட் போட்டிருக்கிறார். அவர் தலைமுறைக்குப் பல் என்பது ஐம்பதில் ஆடும், அறுபதில் விழும் பொருள். விழப்போகிற பல்லுக்கு எதற்கு இத்தனை செலவு என்றுதான் அவருக்குத் தோன்றும். ஆனால் நம் கதை வேறு. 43 வயதுப் பெண்ணுக்கு அந்தப் பல் இன்னும் முப்பது, நாற்பது வருடம் வேலை செய்ய வேண்டும்.

சின்ன வயதில் ஏன் போடவில்லை என்று கேட்கலாம். உங்களுக்கே தெரியும். அப்பாவின் ஒரு சம்பளம். வீட்டில் மூன்று பிள்ளைகள். பல் வலித்தால்தான் டாக்டர். பல் கோணலாக இருந்தால், 'தெத்துப்பல் அதிர்ஷ்டம்' என்று பாட்டி சொல்வார், அதோடு பேச்சு முடிந்துவிடும். வரன் பார்க்கும் நேரத்தில்தான் அந்தப் பல் திடீரென்று எல்லோர் கண்ணிலும் படும். "போட்டோ எடுக்கும்போது வாயை மூடிச் சிரி" என்று சொல்லிக் கொடுத்தது யார்? நம் வீட்டுப் பெரியவர்கள்தானே? கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை பெண்கள் உதட்டை ஒட்டிவைத்துச் சிரித்திருக்கிறார்கள்!

சரி, நாற்பதுக்கு மேல் பல் நகருமா? நகரும். பல் எலும்போடு சிமென்ட் வைத்ததுபோல் இறுகிப் போயிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கமாக மெதுவாக அழுத்தும்போது, அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். பதிமூன்று வயதிலும் இதுதான் நடக்கிறது, ஐம்பதிலும் இதுதான். பெரியவர்களுக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் மெதுவாக நகரும், அவ்வளவே. ஆனால் தாடை வளர்ச்சி முடிந்துவிட்டதால், தாடையே முன்னும் பின்னுமாக இருப்பவர்களுக்கு கிளிப் மட்டும் போதாது. சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

அழகு ஒரு காரணம்தான். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. நெருக்கியடித்து நிற்கும் பற்களுக்கு இடையே பிரஷ் சரியாகப் போகாது. அங்கே அழுக்கு சேர்ந்து, ஈறு வீங்கி, ரத்தம் கசியும். கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தக் காலி இடத்தை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும். பிறகு அங்கே பல் கட்ட வேண்டுமென்றால், சாய்ந்த பல்லை முதலில் நிமிர்த்தியாக வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல்யாண போட்டோவில் ஒட்டியிருந்த முன்பற்களுக்கு நடுவே இப்போது இடைவெளி தெரிகிறதா? முன்பல் வெளியே வருவதுபோல் இருக்கிறதா? ஈறு நோயால் எலும்பு தேய்ந்துகொண்டிருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அப்படியிருந்தால் முதலில் கிளிப் இல்லை, ஈறு வைத்தியம். நோயுள்ள ஈறில் கம்பியைப் போட்டு இழுத்தால் இருக்கிற எலும்பும் போய்விடும். பெரியவர்களுக்கு கிளிப் போடுவதில் ஆபத்து என்று ஒன்று உண்டென்றால், என் கணக்கில் இதுதான் பெரியது.

அதனால் யாரிடம் போகிறோம் என்பது முக்கியம். பி.டி.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்று வருடம் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவர்தான் ஆர்த்தோடான்டிஸ்ட். எக்ஸ்ரே எடுக்காமல், ஈறைப் பார்க்காமல், முதல் நாளே அட்வான்ஸ் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரை இருந்தால் சொல்லுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள், அவற்றில் சில பல் நகர்வதையே தாமதப்படுத்தும்.

கம்பி தெரியாமல் இருக்க வேண்டும் என்பவர்களுக்குப் பல் நிறத்தில் செராமிக் கிளிப் இருக்கிறது, பல்லின் உட்புறம் ஒட்டுவதும் இருக்கிறது. கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் உறையான அலைனர் இப்போது எல்லா விளம்பரத்திலும் வருகிறது. 1997-இல் கலிஃபோர்னியாவில் இதை வியாபாரமாகத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜியா சிஷ்டி, பெரியவரான பிறகு கிளிப் போட்டுக்கொண்டவர். சிகிச்சைக்குப் பின், பல் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க மாட்டிய பிளாஸ்டிக் ரிடெய்னர் பல்லைக் கொஞ்சம் நகர்த்துவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

ஆனால் அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். சூடாக எது குடித்தாலும் கழற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நாலு ஃபில்டர் காபி குடிக்கிற வீட்டில் இது நடக்குமா? யோசித்துவிட்டு வாங்குங்கள். செராமிக் கிளிப்பிலும் ஒரு சங்கடம் உண்டு. அதில் மாட்டும் வெள்ளை ரப்பர் வளையங்கள் நம் சாம்பார் மஞ்சளில் சில நாளிலேயே மஞ்சளாகிவிடும். அடுத்த விசிட்டில் மாற்றும் வரை அப்படியேதான் இருக்கும். சாதாரண உலோகக் கிளிப்தான் விலையிலும் குறைவு, உழைப்பிலும் குறைவில்லை.

டாக்டரை நேரில் பார்க்காமலேயே வீட்டுக்கு அலைனர் அனுப்புகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற நிறுவனம் அப்படித்தான் வியாபாரம் செய்தது. 2023 டிசம்பரில் மூடிவிட்டார்கள். பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

செலவு? உலோகக் கிளிப் சில பத்தாயிரங்கள் ஆகும். அலைனர் லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல் சீரமைப்புக்குத் தனித் துறை உண்டு. காத்திருக்க வேண்டும், பல முறை அலைய வேண்டும். ஆனால் தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு.

எங்கள் தோழியின் முதல் வாரம் சுலபமாக இல்லை. மூன்று நாள் ரசம் சாதமும் இட்லியும்தான். கன்னத்தின் உட்புறம் உரசிப் புண்ணானது. டாக்டர் கொடுத்த மெழுகைக் கம்பியில் ஒட்டிக்கொண்டார். முறுக்கு, தட்டை, எள்ளுருண்டை, கரும்பு எல்லாம் இன்னும் ஒன்றரை, இரண்டு வருடத்துக்குக் கிடையாது. கொய்யாவைக்கூட மெல்லிய துண்டாக நறுக்கித்தான் சாப்பிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அலுவலகப் பாத்ரூமில் நின்று பல் தேய்ப்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருந்ததாம். இரண்டாவது வாரத்தில் அதுவும் பழகிவிட்டது.

கிளிப்பைக் கழற்றியவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் பிறகு வருத்தப்படுகிறார்கள். பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். ரிடெய்னரை முதலில் டாக்டர் சொல்லும்வரை நாள் முழுக்கவும், பிறகு இரவிலும் மாட்ட வேண்டும். எத்தனை வருடம் என்றால், பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும்வரை. என் தங்கை, கல்லூரிக் காலத்தில் போட்ட கிளிப்பின் பலனை ரிடெய்னரை விட்ட ஒரே காரணத்தால் இழந்தாள். முப்பத்தெட்டு வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள்.

எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தெத்துப்பல் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, சுத்தம் செய்யவும் முடிகிறது, சாப்பிடவும் சிரமம் இல்லை என்றால் அப்படியே இருக்கட்டும். யாருடைய பேச்சுக்காகவும் மாற்ற வேண்டாம். அதேபோல, மாற்ற ஆசைப்படுகிற பெண்ணை 'இந்த வயசுல எதுக்கு' என்று யாரும் கேட்கவும் வேண்டாம். வீட்டுக்காரருக்கு மூட்டு வைத்தியம் பார்க்கிறோம். பிள்ளைக்கு கிளிப் போடுகிறோம். அம்மாவின் முறை எப்போது வரும்?

அடுத்த முறை பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். உள்ளே போய், "எனக்கும் ஒரு தடவை ஈறையும் பல்லையும் பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டுவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்