கலியாணப் படம் பிடிப்போரும் பன்னிரு திங்களும்

"ஒரு பகலுக்கும் ஓர் இரவுக்கும் இத்துணைப் பொருளா?" என்று கலியாண வீட்டார் படம் பிடிப்போரை வினவுதல் நம் நாட்டில் வழக்கமாய்விட்டது. பந்தலிடுவோரையும் சமையற்காரரையும் அங்ஙனம் வினவுவார் சிலரே. அவர் செய்யும் வேலை அன்றைக்கே கண்ணுக்குத் தெரிகின்றது, நாவுக்கும் தெரிகின்றது. படம் பிடிப்போரோ காமிராவுடன் வருகின்றார், விரலால் அமுக்குகின்றார், போய்விடுகின்றார். இவ்வளவுதான் அவர் தொழில் என்று எண்ணுவோர், அவர் ஓர் ஆண்டு முழுதும் எவ்வாறு வாழ்கின்றார் என்பதை எண்ணிப்பார்த்தவரல்லர்.

பஞ்சாங்கத்தை எடுத்து நோக்குக. ஆடியில் இந்துக்கள் கலியாணம் செய்வதில்லை, மார்கழியிலும் இல்லை, புரட்டாசியையும் பலர் ஒதுக்குவர். எஞ்சிய திங்கள்களிலும் வளர்பிறை முகூர்த்தத்தையே பெரும்பாலார் விரும்புவர். அவற்றுள்ளும் செவ்வாயும் சனியும் தள்ளுண்டுபோம். மிஞ்சுவன சில நாட்களே. அவற்றுள் ஒன்று ஞாயிறாக அமைந்துவிட்டால் ஊரிலுள்ள மண்டபங்கள் யாவும் ஒருங்கே நிறையும். அந்த ஒரு நாளுக்குப் பதின்மர் வந்து அழைப்பர். மறுவாரம் அழைப்பார் ஒருவருமிலர். கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் மணவிழா நடத்துதலைப் பெரும்பாலும் தவிர்ப்பர். அது மாசி பங்குனிகளில் வருவது. ரமலான் நோன்புத் திங்களில் இஸ்லாமியர் இல்லங்களில் நிக்காஹ் அரிது. அந்நோன்போ ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்ந்து வருவது. ஆகவே முச்சமயத்தாரும் கலந்து வாழும் ஊரில் தொழில் செய்வார்க்குச் சென்ற ஆண்டின் கணக்கு இவ்வாண்டிற்கு அப்படியே உதவாது. ஆயினும் ஆடியில் ஒரு கிறிஸ்தவக் கலியாணமோ நிக்காஹோ வாய்க்குமேல் அதுவே அவர் வீட்டு அடுப்பிற்குப் பேருதவி.

பருவம் மாறும்போது நாட்களோடு ஒளியும் மாறுகின்றது. இதனை அறியாதார் இத்தொழிலை எளிதென்பர். தைத் திங்களில் சென்னையில் சூரியன் உதிக்க 6.30 மணிக்கு மேலாகும், வைகாசியில் 5.45 மணிக்குள் உதித்துவிடும். எனவே 4.30 முதல் 6 மணி வரையுள்ள ஒரே முகூர்த்தம், தையில் முழு இருளிலும் வைகாசியில் விடியலின் ஒளியிலும் நடைபெறும். சென்னை பூமத்திய ரேகைக்கு 13 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். சித்திரையும் ஆவணியும் கலியாணத் திங்கள்களன்றோ? அவ்வேளையில் மணமக்களை வெளியில் நிறுத்திப் படமெடுப்பின், புருவத்தின் நிழல் கண்களை மூடிவிடும். எத்துணை அழகிய முகமும் குழிவிழுந்த கண்ணுடையதாய்த் தோன்றும். அறிந்தவர் அவர்களை ஒரு திண்ணைக்கோ மரநிழலுக்கோ அழைத்துச் செல்வர். "மண்டபத்து வாயிலில் இத்தனை பணம் செலவிட்டு அலங்கரித்திருக்க, மரத்தடியில் ஏன் நிறுத்துகின்றீர்?" என்று அதற்கும் கோபிக்கும் மாமன்மார் உண்டு. ஐப்பசியில் மேகமூட்டத்தால் ஒளி மிருதுவாகும், ஆனால் மழை காமிராவைக் கெடுக்கும். குளிரூட்டிய கூடத்திலிருந்து புழுக்கமான வெளியிடத்திற்குக் காமிராவைக் கொணர்ந்தால் கண்ணாடியின் மேல் நீராவி படிந்துவிடும். அது தெளியுமளவும் மாப்பிள்ளை அழைப்பு காத்திராது.

இவற்றினும் கடியது தாலி கட்டும் கணம். மூன்று முடிச்சும் சில நொடிகளில் முடிந்துவிடும். மூன்றாம் முடிச்சைப் பல குடும்பங்களில் மாப்பிள்ளையின் சகோதரி இடுவாள், அவள் முதுகு முன்னே வரும், ஓமப்புகை எழும், அட்சதை பறக்கும், இக்காலத்தில் உறவினர் கைபேசிகளும் வேலிபோல் உயர்ந்து நிற்கும். தச்சன் தவறினால் மற்றொரு பலகையை இழைப்பான். இவருக்கு மற்றொரு தாலி கட்டப்படுவதில்லை.

கலியாணம் முடிந்தபின் வேலை முடிவதில்லை. பிலிம் வழங்கிய நாளில் ஒரு சுருளில் 36 படங்களே; பெரிய பிலிமாயின் சதுரப் படங்கள் 12 தாம். அக்காலத்தவர் எண்ணி எண்ணி அமுக்கினர். இன்று ஒரு கலியாணத்திற்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. அவை யாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்தல் வேண்டும். கண் மூடியவற்றைக் கழித்தல் வேண்டும். நிறத்தைச் சீர்செய்தல் வேண்டும். கெட்டுப்போகாதபடி ஈரிடங்களிற் பிரதி வைத்தல் வேண்டும். ஒருவர்க்கு ஆண்டிற்கு 30 கலியாணங்கள் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னாள் மாலை வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமுமாக ஒவ்வொன்றிற்கும் 2 நாட்கள். பின்னர்க் கம்ப்யூட்டரின் முன்னே 7 நாட்கள். ஆக 270 நாட்கள். ஆடியில் அவர் சும்மாயிருக்கின்றார் என்று நாம் கருதும்பொழுது, வைகாசிக் கலியாணத்தின் ஆல்பத்தைத்தான் முடித்துக்கொண்டிருக்கின்றார். வீட்டார் கேட்பது 2 நாட்களின் விலை. அவர் கூறுவதோ 9 நாட்களின் விலை. வழக்கு இங்கேதான் பிறக்கின்றது.

2020 ஆம் ஆண்டை நினைவுகூர்க. மார்ச்சு 25 ஆம் நாள் நாடு முழுதும் அடைக்கப்பட்டது. சித்திரையும் வைகாசியும் வருமுன்னே அவ்வாண்டின் அறுவடை போயிற்று. பின்னர் மணவிழாவிற்கு 50 பேருக்கு மேல் கூடலாகாது என்றனர். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டோர் உளர். காமிராவிற்கு வாங்கிய கடனின் தவணையோ தன்பாட்டில் வந்து நின்றது. நல்ல மாதத்தில் மிச்சம் பிடிக்க இயலாத தொழிலாளி அங்ஙனம் ஒரு மாதம் வரின் என்செய்வான்?

இனி, மாணாக்க நண்பர்களுக்கு ஒரு சொல். கலாசாலைகளில் காட்சித் தொடர்பியல் பயில்வோர் இன்று பலர். பயிலாதார் கையிலும் நல்ல காமிரா உண்டு. தை வந்தவுடன் இவர்களுட் சிலர், ஊரில் வழங்கும் விலையில் காற்பங்கிற்குக் கலியாணங்களை ஒப்புக்கொள்ளுகின்றனர். இவர்களுக்குக் கடை வாடகை இல்லை. பிள்ளைகளுக்குச் சம்பளம் கட்டுதல் இல்லை. ஆடியைப் பற்றிய கவலையும் இல்லை. ஆதலின் குறைக்க முடிகின்றது. தையில் இவர்கள் குறைத்த விலை, பங்குனியில் இவர்கள் பரீட்சைக்குச் சென்றபின்னும் ஊரில் நின்றுவிடுகின்றது. இஃது முறையன்று என்பது என் கருத்து. ஏழை மாணாக்கன் தன் கட்டணத்திற்குச் சம்பாதித்தல் கூடாதோ என்பீராயின், கூடும், சம்பாதிக்கவே வேண்டும். பெருமுகூர்த்த நாளில் அனுபவமுள்ளவர் ஒவ்வொருவரும் துணைக்கு ஆள் தேடி அலைகின்றனர். அவரிடம் சென்று நாட்கூலிக்கு நிற்கட்டும். கூலியும் வரும், புகையினூடே தாலியைப் பிடிக்கும் வித்தையும் வரும், படங்கள் பதிந்த அட்டை பழுதுபட்டால் மணப்பெண்ணின் தகப்பனார்க்கு விடை கூறும் பொறுப்பு பெரியவர் தலையில் இருக்கும்.

வீட்டார்க்கும் கூறுவது ஒன்றுண்டு. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, மாறான உடன்படிக்கை இல்லாவிடில், பொருள் கொடுத்துப் பிடிப்பித்த போட்டோவின் முதல் உரிமை பிடிப்பித்தவர்க்கே உரியது. இங்ஙனம் உரிமை தம்பாலிருக்க, ஆல்பத்திற்குரிய படங்களைத் தெரிந்தெடுத்துக் கொடாமலே மாதக்கணக்கிற் காலந்தாழ்த்தி, "ஆல்பம் வரவில்லையே" என்று மீதிப் பணத்தை நிறுத்தி வைத்தல் தகுமா? ஒப்புக்கொள்ளும் நாளிற் பாதியும், முகூர்த்த நாளிற் பெரும்பகுதியும், ஆல்பம் கொணரும் நாளில் எஞ்சிய சிறுபகுதியும் தருவதாக எழுதிக்கொள்ளுதல் இருவர்க்கும் நலம்.

உணவையும் மறவற்க. முகூர்த்தத்திற்காக இரவு 3 மணிக்கு எழுந்து வந்தவர், முதற்பந்தியில் சம்பந்தி வீட்டார் உண்பதைப் படமெடுத்து, இரண்டாம் பந்தியில் மணமக்கள் உண்பதையும் படமெடுத்து, கடைசிப் பந்தியில் இலை முன் அமர்கின்றார். அப்போது பெரும்பாலும் பாயசம் தீர்ந்திருக்கும்.